ஓய்வூதியமும் உதவித்தொகையும்

அரசு ஊழியர் பணி முடித்த பின் பெறுவதை ஓய்வூதியம் என்கிறோம். நாற்பது ஐம்பது வருடம் நாற்று நட்டுக் களையெடுத்த பெண் முதுமையில் பெறுவதை உதவித்தொகை என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘பென்ஷன்’தான். சில அரசாணைகள் இரண்டாவதையும் ஓய்வூதியம் என்றே எழுதுகின்றன. ஆனால் தாலுகா அலுவலக வாசலில் அது ‘ஓ.ஏ.பி. பணம்’, அல்லது உதவித்தொகை. முதல் சொல்லில் ஊதியம் இருக்கிறது. இரண்டாவதில் கொடுப்பவரின் கை மேலே இருக்கிறது.

1982இல் நாகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணைக்கொடை அல்ல, செய்த பணியால் ஈட்டிய உரிமை என்று சொன்னது. அந்த வழக்கு அரசு ஊழியர்களைப் பற்றியது. கூலி வேலையும் வீட்டு வேலையும் செய்தே முதுமையடைந்த பெண்களுக்கு அந்த வாக்கியம் இன்னும் வந்து சேரவில்லை.

காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962இல் சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. ஆதரவற்றவர் என்று நிரூபிப்பதே அதற்கான தகுதி. 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1986இல் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும், பின்னர் ஐம்பது வயது கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. இவற்றை வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். கணவன் இறந்தவள், கணவன் விட்டுப்போனவள், கணவனே இல்லாதவள் என ஒவ்வொருத்தியும் ஓர் ஆணின் இன்மையால் அடையாளம் பெறுகிறாள். 1981இல் வந்த ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர் திட்டம் மட்டுமே உழைப்பின் பெயரைத் தாங்கியிருந்தது.

இத்திட்டங்களைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. கைவிடப்பட்ட மனைவி என்று ஒருத்தி இருப்பதைக் குடும்பங்கள் மூடி மறைத்த காலத்தில் அரசு அதை ஒப்புக்கொண்டது. தபால்காரர் பெயர் சொல்லி அழைத்து மணியார்டர் பணத்தைக் கையில் கொடுத்த நாள்தான், பல பெண்களுக்குத் தன் பெயரில் பணம் வந்த முதல் நாள். மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் மருமகளிடம் கேட்க வேண்டியதில்லை என்பது சின்ன விடுதலை அல்ல.

ஆனால் ‘ஆதரவு’ என்பதை யார் அளப்பது? குடித்துவிட்டு அடிக்கும் கணவன் உயிரோடு இருந்தால் அவள் ஆதரவு உள்ளவள். வெளியூரில் இருந்து ஒரு ரூபாயும் அனுப்பாத மகன் இருந்தாலும் அப்படித்தான் பார்க்கப்படுகிறாள். கைவிடப்பட்டவளோ, மணவிலக்குத் தீர்ப்பு இல்லையென்றால், ஐந்தாண்டுகள் கைவிடப்பட்டே இருந்ததாகக் காட்ட வேண்டும். பசி ஐந்தாண்டு காத்திருக்குமா?

மத்திய அரசு 1995இல் 65 வயது கடந்த ஆதரவற்றோருக்கு மாதம் 75 ரூபாய் தந்தது. 2006இல் தன் பங்கை 200 ரூபாய் ஆக்கியது; 2007இல் அதை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான திட்டமாக மாற்றியது. 2011இல் வயது வரம்பு 60 ஆனது. எண்பதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் ஆனது. எண்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதே 200தான் தொடர்ந்தது. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 2011இல் 1000 ரூபாயாகவும் 2023இல் 1200 ரூபாயாகவும் உயர்த்தியது. நாளொன்றுக்கு 40 ரூபாய்.

அதே 2007இல்தான் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் வந்தது. பிள்ளைகள் பார்க்காவிட்டால் பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தேவையான சட்டம்தான். ஆனால் மகன்மேல் மனுப் போட்ட பிறகு அன்றிரவு அதே வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிப் போக வேண்டியவள் அந்தத் தாய். அரசு தன் பங்கை 200 ரூபாயில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொள் என்கிறது.

யாரும் இல்லாதவள் என்பதால் அல்ல, வாழ்நாள் முழுக்க உழைத்தவள் என்பதால் அவளுக்கு முதுமையில் பணம் வர வேண்டும். கணவன் எங்கே, மகன் எங்கே என்று கேட்காமல், வயதை மட்டும் பார்த்து, வாழப் போதுமான அளவு தர வேண்டும். அன்றைக்கு அதை ஓய்வூதியம் என்றே அழைக்கலாம்.