கீழாநெல்லியும் கூட்டு மருந்தும்: 1988ஆம் ஆண்டுச் சென்னை ஆய்வின் மறுவாசிப்பு

எச்.ஐ.வி. கூட்டு மருந்து ஈரலைக் கெடுக்கும், கீழாநெல்லி அதைக் காக்கும் என்பதற்கு அறிவியல் சான்று இருப்பதாகப் பல கட்டுரைகள் சொல்லிவருகின்றன. அவை திரும்பத் திரும்பக் காட்டுவது 1988இல் 'லான்செட்' இதழில் வெளியான சென்னை ஆய்வை. அந்த ஆய்வு இவ்வளவு பாரம் தாங்காது என்பதே என் வாதம். இது ஏட்டளவிலான சச்சரவு அல்ல. திருப்போரூர் வட்டாரத்தில் மழை விட்டதும் வரப்பெல்லாம் கீழாநெல்லிதான். காமாலை என்றால் அதை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பார்கள். அதில் பெரிய கேடில்லை. 'மாத்திரை சூடு' என்று சொல்லி, கண் மஞ்சள் தெளியும்வரை கூட்டு மருந்தை நிறுத்திவைப்பதுதான் கேடு.

கூட்டு மருந்து ஈரலைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) சிகிச்சை தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை உட்பட எங்கும் பெரும்பாலும் கொடுத்த கலவையில் நெவிரபின் இருந்தது. முதல் 14 நாள் பாதி அளவு கொடுத்துப் பிறகு முழு அளவுக்குப் போக வேண்டிய மருந்து அது. நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 250க்கு மேல் உள்ள பெண்களுக்கு அது ஈரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்று 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. காசநோய் மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2021இன் தேசிய வழிகாட்டு நெறிகள் முன்வைக்கும் முதல்நிலைக் கலவை டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். நெவிரபின் போய்விட்டது, அதன் பழி மட்டும் புது மாத்திரையின் தலையில் விழுந்திருக்கிறது.

இனி அந்த ஆய்வு. எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் நடத்தியது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். அந்த வைரஸைச் சுமந்திருந்த 78 பேர் சேர்க்கப்பட்டனர். 30 நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் (59%) தொற்றின் அடையாளமான மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்தது. மருந்துப்போலி பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே (4%). மேற்கோள் காட்டுவோர் இங்கே நின்றுவிடுகிறார்கள். 37ஐயும் 23ஐயும் கூட்டினால் 60தான். மீதி 18 பேர் கணக்கில் இல்லை. தொடக்கத்தில் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்திருந்தால், விடுபட்டவர்களில் பெரும்பாலோர் மருந்துப்போலிப் பக்கத்தவராகத்தான் இருக்க வேண்டும்.

விடுபட்டோரை வைத்து மட்டும் 59 சதவீதத்தை விளக்கிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாள்பட்ட தொற்றில் அந்த ஆன்டிஜன் தானாக மறைவது அரிது. ஆனால் அண்மையில் தொற்றித் தாமாகவே தேறிவந்த சிலர் இந்த 78 பேருக்குள் கலந்திருந்தால்? மருந்துப்போலிப் பக்கம் அப்படித் தேறியவர்கள் திரும்பி வராமல் போயிருந்தால்? ஊகம்தான், எனக்கு வலுவாகப் படும் ஊகம். டெனோஃபோவிரை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டாலும் இந்த ஆன்டிஜன் மறைவோர் மிகச் சிலரே. ஒரே மாதத்தில் பாதிப்பேருக்கு மேல் அதைத் துடைத்தெறிந்த செடி, தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது கைவிட்டது. மண் மாறினால் குணம் மாறும் என்கிறார்கள். மாறட்டும், அப்படியானால் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்த செடி என்று குறிக்காமல் இந்த ஆய்வைக் காட்டி எல்லாக் கீழாநெல்லிக்கும் சான்றிதழ் தரவும் முடியாது.

இதைவிட அடிப்படையான இடறல் ஒன்று உண்டு. அந்த ஆய்வு அளந்தது வைரஸின் அடையாளத்தை. மருந்தால் ஈரலுக்கு நேரும் காயத்தை அல்ல. கூட்டு மருந்து உண்போருக்கு அதைப் பொருத்துவது ஆய்வில் இல்லாததை அதன் வாயில் திணிப்பது. மூலிகையென்றால் ஈரலுக்கு நல்லது என்ற பொதுக் கணிப்பும் நிற்காது. 1990களில் தாம்பரத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தந்த சித்த மருந்துகளில் அமுக்கரா சூரணமும் ஒன்று. அமுக்கராவால் ஈரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் அண்மைக்கால மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

பலர் கவனிக்காத செய்தி, இன்றைய மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கும் மருந்துகள் என்பது. இரு தொற்றும் உள்ளவர் அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் பெருகி ஈரல் அழற்சி சீறியெழும்; சிலருக்கு உயிருக்கே ஆபத்து. கண் மஞ்சளித்தால் நிறுத்துவதா, தொடர்வதா, எந்த மருந்தை மாற்றுவது என்பதை, ஈரல் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., பிலிருபின், ஹெபடைடிஸ் பி சோதனை மூன்றையும் பார்த்து ஏ.ஆர்.டி. மைய மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். கீழாநெல்லி குடிப்பவர் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டு விழும் என்று பயந்து அதை மறைப்பவர், மாத்திரையை நிறுத்தியதையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்.