நெடுங்காலப் பணியியலாமைக் காப்பீடு: கோரிக்கை மறுப்பு (அமெரிக்கா)

நோயாலோ விபத்தாலோ மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் தருவது நெடுங்காலப் பணியியலாமைக் காப்பீடு. அமெரிக்காவில் இது பெரும்பாலும் வேலை தரும் நிறுவனமே எடுத்துக்கொடுக்கும் குழுக் காப்பீடு. பொதுவாகச் சம்பளத்தில் 60 விழுக்காடு கிடைக்கும். வேலை செய்ய முடியாமல் போன நாளிலிருந்து 90 அல்லது 180 நாள் காத்திருந்த பிறகே பணம் வரத் தொடங்கும். கோரிக்கையை மறுக்கும் கடிதத்தில் மருத்துவக் காரணங்களே எழுதப்படுகின்றன. ஆனால் மறுப்பை நிறுவனங்களுக்கு எளிதாக்கியது மருத்துவம் அன்று, சட்டம்.

சட்டத்தின் வரலாறு

1963 டிசம்பரில் இந்தியானா மாநிலம் சவுத் பெண்ட் நகரில் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலை மூடப்பட்டது. ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லாததால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தங்களுக்குச் சேரவேண்டியதில் பெரும்பகுதியை இழந்தார்கள். இனி இப்படி நடக்கக் கூடாது என்ற கோரிக்கை வலுத்து, பணியாளர் ஓய்வூதிய வருமானப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை எரிசா என்பார்கள். 1974 செப்டம்பர் 2, தொழிலாளர் தினத்தன்று, குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டார். ஓய்வூதியத்துக்காக எழுந்த சட்டம், தனியார் நிறுவனங்கள் தரும் மருத்துவ, பணியியலாமைத் திட்டங்களையும் தன்கீழ்க் கொண்டுவந்தது. அவற்றைத் தொடும் மாநிலச் சட்டங்கள் பலவும் செல்லாமல் போயின.

அதன் விளைவு 1987இல் தெரிந்தது. மிசிசிப்பியில் முதுகில் அடிபட்ட ஒரு தொழிலாளிக்கு பைலட் லைஃப் நிறுவனம் இரண்டு ஆண்டு பணம் கொடுத்துவிட்டு நிறுத்தியது. பிறகு கொடுப்பதும் நிறுத்துவதுமாகப் பலமுறை நடந்தது. அவர் மாநிலச் சட்டப்படி நட்டஈடு கேட்டார். எரிசாவின் கீழ் வரும் திட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வழக்கில் தோற்றாலும், முதலிலேயே கொடுத்திருக்க வேண்டிய தொகையும், நீதிபதி மனம் வைத்தால் வட்டியும் வழக்கறிஞர் செலவும் மட்டுமே நிறுவனத்தின் பொறுப்பு. தண்டத் தொகை கிடையாது, ஜூரியும் கிடையாது.

1989இல் ஃபயர்ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. பொதுவாக நீதிமன்றம் கோரிக்கையைத் தானே முதலிலிருந்து ஆராயலாம். ஆனால் திட்ட ஆவணம் முடிவெடுக்கும் விருப்புரிமையை நிர்வாகிக்குக் கொடுத்திருந்தால், அந்த முடிவு முற்றிலும் நியாயமற்றதா என்று மட்டுமே பார்க்கலாம் என்றது தீர்ப்பு. காப்பீட்டு நிறுவனங்கள் உடனே விழித்துக்கொண்டு, விருப்புரிமை தரும் ஒரு வரியைப் பாலிசிகளில் சேர்த்தன. மறுப்பு தவறா என்பது போய், அது பொறுக்க முடியாத அளவுக்குத் தவறா என்பதே கேள்வியாயிற்று. மறுப்பை எளிதாக்கியதில் இந்த ஒரு வரிக்கும் பெரும் பங்கு உண்டு.

எரிசாவின் பணமதிப்பை நிறுவனங்கள் நன்கு அறிந்திருந்தன. பின்னாளில் யூனம் நிறுவனத்தோடு இணைந்த பிராவிடன்ட் நிறுவனத்தின் 1995ஆம் ஆண்டு உள் குறிப்பு ஒன்று வெளியே வந்தது. 78 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்த 12 கோரிக்கைகள் எரிசாவின் கீழ் வந்திருந்தால், அதிகம் போனால் 5 லட்சம் டாலரே ஆகியிருக்கும் என்று அது கணக்குப் போட்டிருந்தது. மறுப்பு முறைகள் குறித்த மாநிலங்களின் கூட்டு விசாரணையின் முடிவில், 2004இல் யூனம் 1.5 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. பழைய கோரிக்கைகளை மறுபடி பரிசீலிக்கவும் ஒப்புக்கொண்டது.

மறுப்புக் கடிதம் சொல்லும் காரணங்கள்

பெரும்பாலான பாலிசிகளில் முதல் 24 மாதம் ‘தன் வேலையைச் செய்ய இயலாதவர்’ என்பதே அளவுகோல். அதன்பின் அது ‘எந்த வேலையும் செய்ய இயலாதவர்’ என்று மாறும். பணம் பெரிதும் நிற்பது இந்தத் திருப்பத்தில்தான். உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று காகிதத்தில் கிடைத்தால் போதும். 10 பவுண்டுக்கு மேல் தூக்கத் தேவையில்லாமல், எட்டு மணி நேரத்தில் ஆறு மணி உட்கார்ந்திருப்பது என்பது அதன் இலக்கணம். இப்படிப்பட்ட வேலைகளைத் தேட உதவும் அரசுத் தொழிற்பெயர் அகராதி 1991க்குப் பிறகு திருத்தப்படவே இல்லை.

சிகிச்சை தரும் மருத்துவரின் சான்றிதழும் பலருடைய கோரிக்கையைக் கவிழ்க்கிறது. எத்தனை மணி உட்காரலாம், எத்தனை மணி நிற்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று படிவத்தில் கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும். வேலை நெருக்கடியில் இருக்கும் மருத்துவர் கட்டங்களை விட்டுவிட்டு ‘வேலைக்குப் போக இயலாது’ என்று ஒரே வரி எழுதுவார். காலியாக விட்ட அந்தக் கட்டங்களை, நோயாளியைப் பார்த்தே இராத, நிறுவனம் அமர்த்திய மருத்துவர் கோப்பை மட்டும் படித்து நிரப்புவார். சிகிச்சை தரும் மருத்துவரின் கருத்துக்குத் தனி முன்னுரிமை தர வேண்டியதில்லை என்று 2003இல் பிளாக் அண்டு டெக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

வலி, சோர்வு போன்றவை ஸ்கேனிலோ இரத்தப் பரிசோதனையிலோ தெரியாததால் ‘புறச்சான்று இல்லை’ என்று தள்ளப்படுகின்றன. மனநோய்க்குப் பெரும்பாலும் 24 மாத வரம்பு உண்டு. பாலிசியில் சேர்வதற்கு முன்பே இருந்த நோய், தவறவிட்ட கெடு, மறைவாக எடுத்த வீடியோ ஆகியவையும் காரணங்களாகின்றன.

2008இல் தீர்ப்பான மெட்லைஃப் வழக்கில் ஒரே நிறுவனம் இரு பக்கமும் பேசியதைக் காணலாம். சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பெண் ஒருவருக்கு இதயத் தசை நோய். 24 மாதம் பணம் கொடுத்த நிறுவனம், அரசின் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொன்னது. அவரால் எந்த வேலையும் செய்ய இயலாது என்று அரசு ஏற்றுக்கொண்டது. பின்தேதியிட்டு வந்த அந்தத் தொகை முழுவதும் நிறுவனத்துக்கும் வழக்கறிஞர்களுக்கும் போயிற்று. பிறகு அதே நிறுவனம், அவர் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று பணத்தை நிறுத்தியது. முடிவெடுப்பவரே பணம் கொடுப்பவராகவும் இருப்பதை நீதிமன்றங்கள் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இன்றைய நிலை

கலிபோர்னியா, இல்லினாய் உள்ளிட்ட சில மாநிலங்கள் விருப்புரிமை வரியைத் தடை செய்துள்ளன. சிகிச்சை மருத்துவரின் கருத்தை ஏற்காவிட்டால் ஏன் என்று நிறுவனம் விளக்க வேண்டும் என்ற தொழிலாளர் துறை விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

மறுக்கப்பட்டவர் 180 நாளுக்குள் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்ய வேண்டும். மருத்துவர் நிரப்பிய கட்டங்கள், பரிசோதனை முடிவுகள், செய்துவந்த வேலையின் விவரம் அனைத்தையும் அப்போதே சேர்த்துவிட வேண்டும். வழக்கு நீதிமன்றம் போனால், பெரும்பாலும் நீதிபதி பார்ப்பது அந்தக் கோப்பை மட்டுமே.