கடவுச்சொல் இல்லா உள்நுழைவு

கடவுச்சொல் இல்லா உள்நுழைவு என்பது இணையச் சேவை ஒன்றில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமல் பயனர் தமது அடையாளத்தை உறுதிப்படுத்தும் முறையாகும். இதற்குப் பயன்படும் மின்னணுத் திறவுகோல் பாஸ்கீ எனப்படுகிறது.

வரலாறு

இதற்கான சீர்தரங்களை உருவாக்கும் ஃபிடோ கூட்டமைப்பு 2013 இல் அறிவிக்கப்பட்டது. வெப்ஆத்தன் எனும் சீர்தரத்தை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2019 மார்ச்சில் பரிந்துரைத்தது. 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகிள், மைக்ரோசாப்ட் ஆகியன இதற்கான ஆதரவை விரிவாக்குவதாக அறிவித்தன. 2023 மே முதல் கூகிள் கணக்குகளில் பாஸ்கீ பயன்பாட்டுக்கு வந்தது.

செயற்படும் முறை

பதிவின்போது பயனரின் கருவி இரு திறவுகோல்களை உருவாக்குகிறது. பொதுத் திறவுகோல் வழங்கிக்கு அனுப்பப்படும். தனித் திறவுகோல் பயனரிடமே இருக்கும். உள்நுழையும்போது வழங்கி ஓர் எழுமாற்று எண்ணை அனுப்பும். பயனர் கைரேகை அல்லது திரைப்பூட்டு எண்ணால் இசைவு அளித்ததும், கருவி அதில் மின்கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். கைரேகை கருவியை விட்டு வெளியேறுவதில்லை. திறவுகோல் குறிப்பிட்ட இணைய முகவரியுடன் பிணைக்கப்பட்டிருப்பதால் போலித் தளங்களில் அது செயற்படாது.

சிறு வணிகங்களில்

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி முந்திரி வணிகர் முதல் சிதம்பரம் கடைக்காரர் வரை பலரும் இணையவழி வரிச் சேவைகளைப் பயன்படுத்துகின்றனர். உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கணக்கரும் ஊழியரும் பகிர்ந்துகொண்டால், தவறு நேரும்போது அதைச் செய்தவர் யார் என அறிய இயலாது. பணியிலிருந்து விலகியவரும் தொடர்ந்து நுழையக்கூடும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனித் திறவுகோலும் அளிப்பது இதற்குத் தீர்வாகும்.

இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் அனைத்து வரிசெலுத்துவோருக்கும் இரட்டை உறுதிப்பாடு கட்டாயமானது. இதில் கடவுச்சொல்லுடன் ஒருமுறை எண்ணும் தேவை. எனவே இது கடவுச்சொல்லை நீக்கிய முறையன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோவின் ஒன்ஆத் செயலி கடவுச்சொல் இன்றி நுழையும் வசதியைத் தருகிறது.

குறைபாடுகள்

கடலூர் கடற்கரையை 2011 டிசம்பரில் தானே புயலும், மாவட்டத்தை 2015 இல் பெருவெள்ளமும் தாக்கின. இத்தகைய காலங்களில் கைப்பேசிச் சேவை துண்டிக்கப்பட்டால் குறுஞ்செய்தி வழி எண் வந்து சேராது. பாஸ்கீக்குக் குறுஞ்செய்தி தேவையில்லை. எனினும் இணைய இணைப்பு வேண்டும். ஒரே கைப்பேசியில் மட்டும் உள்ள திறவுகோல் அக்கைப்பேசியுடன் அழிந்துவிடும். ஆகவே இரண்டாவது கருவியிலும் திறவுகோலைப் பதிவதும், மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு வேறிடத்தில் வைப்பதும் இன்றியமையாதன.

இவற்றையும் பார்க்க

* பொதுத் திறவுகோல் மறையீட்டியல்
* ஒருமுறை கடவுச்சொல்
* தானே புயல்