கரிசலுக்கு வந்த மலைக்கொட்டை

கரிசலில் காப்பி விளையாது. ஆனாலும் எங்கள் அருப்புக்கோட்டையில் கொட்டை பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் உண்டு. அப்பத்தா பீபெரிதான் கேட்பாள். பழத்துக்கு ஒற்றை விதையாய் உருண்டிருக்கும் அது, இரும்புச் சட்டியில் உருண்டு உருண்டு சீராகச் சிவக்கும்.

அப்போது எந்த மலைக் கொட்டை என்று மட்டும் கேட்க முடியாது. 1942 காப்பிச் சட்டத்துக்குப் பின் தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அங்கே தரம் பிரித்து மொத்தமாக ஏலம். தாண்டிக்குடியோ குடகோ, ஊர்ப்பெயர் அதோடு போச்சு. 1990-களில் இந்தக் கட்டாயத்தைப் படிப்படியாகத் தளர்த்தி, 1996-இல்தான் முழுக்க விட்டார்கள்.

இப்போது தாண்டிக்குடி அரபிகாவைத் தனியாக வாங்கி, சிக்கரி சேர்க்காமல் பித்தளை ஃபில்டரில் இறக்குகிறேன். திருச்சுழிப் பக்கத்து உவர்த் தண்ணீரில் அதன் இளம்புளிப்பு செத்துவிடும். நல்ல தண்ணீர் பிடித்து வைக்கணும். கருப்பட்டிக் காப்பிக்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.