பீரங்கிக்கு முகவரி இருந்தது

2023 டிசம்பரில் ஆறு பொருட்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. ஒரு சிறிய பீரங்கி, பொன் வேலைப்பாடுள்ள வாள் ஒன்று, வெள்ளி வாள் ஒன்று, ஒரு கத்தி, இரண்டு பெரிய துவக்குகள். இவற்றில் பேர்போனது பீரங்கிதான். ஒல்லாந்தர் 1765 இல் கண்டியைக் கொள்ளையடித்தபோது எடுத்துக்கொண்டு போனது. கணக்குப் பார்த்தா 258 வருஷம்.

கண்டி ராசாட பீரங்கி, கொழும்பு மியூசியம், ஒல்லாந்துக்காரன். இதுல கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் என்ன இருக்கு என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா 1765 ஐக் கொஞ்சம் விரிச்சுப் பார்த்தா அதுக்குள்ள எங்கட கரையும் இருக்கு.

பீரங்கியைக் கண்டி அரசனுக்குக் கொடுத்தவர் லெவ்கே திசாவை. காலம் 1740 கள். அப்போது அரியணையில் இருந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்தின் முதல் அரசர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். பீரங்கியில் வெள்ளி, பொன், மாணிக்கக் கற்கள் பதித்திருக்கும். சூரியன், பிறைச்சந்திரன், சிங்கம் என்று கண்டி அரசின் சின்னங்கள். சிங்கள எழுத்தில் ஒரு குறிப்பு. சண்டைக்குச் செய்த பீரங்கி இல்லை, கௌரவத்துக்குக் கொடுத்தது.

அடுத்து வந்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அவர் காலத்தில் ஒல்லாந்துக் கம்பனியோடு போர் மூண்டது. 1765 பெப்ரவரியில் ஆளுநர் வான் எக் படையோடு கண்டிக்குள் புகுந்தார். அரசர் முன்னமே மலைக்குள் போய்விட்டார். அரண்மனை சூறையாடப்பட்டது. நோயும் பட்டினியும் தாங்காமல் அந்த வருஷமே படை இறங்கிவிட்டது, ஆனா பீரங்கி ஒல்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இளவரசர் ஐந்தாம் வில்லியத்தின் சேகரிப்பில் இருந்து, பிறகு ரைக்ஸ் மியூசியத்துக்கு வந்தது.

போர் அதோடு முடியவில்லை. 1766 பெப்ரவரியில் எழுதிய உடன்படிக்கையில் கண்டி அரசர் தீவின் முழுக் கரையையும் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தார். ஏற்கெனவே ஒல்லாந்தர் கையில் இருந்த இடங்களோடு, கண்டி உரிமை கொண்டாடிய கிழக்குக் கரையும் எழுத்திலேயே கைமாறியது. பீரங்கியைக் கொண்டுபோன அதே போர்தான் எங்கட கரையையும் மலைநாட்டிலிருந்து வெட்டிவிட்டது.

அந்த வெட்டு லேசானது இல்லை. போர்த்துக்கேயர் 1626 இல் முஸ்லிம்களைத் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியபோது கண்டி அரசன் செனரத் இடம் கொடுத்தார். நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் எழுதிவைத்திருக்கிறார். அதுக்கு முதலும் இங்கே முஸ்லிம்கள் இருந்தாங்க. ஆனா கண்டிக்கும் எங்களுக்கும் இருந்த உறவுக்கு அது ஒரு பெரிய சாட்சி. உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியது, பாக்கு இறங்கியது. தவளம் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்களில் பெரும்பங்கு முஸ்லிம்கள். அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961 இல்தான். அதுக்கு முதல் இந்தக் கரை முழுக்க மட்டக்களப்பு.

சரி, பீரங்கி எப்படித் திரும்பி வந்தது? கேட்ட உடனே கிடைக்கவில்லை. நெதர்லாந்து அரசுக்கு 2020 இல் ஒரு ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்தது. முன்னாள் ஒல்லாந்துக் குடியேற்ற நாடுகளிலிருந்து விருப்பமில்லாமல் பறிபோன பொருள் என்று நிரூபணமானால், அந்த நாடு கேட்டால், நிபந்தனை இல்லாமல் கொடுக்க வேண்டும் என்றது. அடுத்த வருஷம் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 2023 ஜூலையில் 478 பொருட்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தாங்க. 472 இந்தோனேசியாவுக்கு, 6 இலங்கைக்கு.

இதுல முக்கியமான சொல் 'நிரூபணம்'. ரைக்ஸ் மியூசியம் ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து, எந்தப் பொருள் யார் கையிலிருந்து எந்த வருஷம் யார் கைக்குப் போனது என்று தடம் பிடிச்சாங்க. பீரங்கிக்கு அது முடிந்தது. கொடுத்தவர் பேர் இருந்தது, அரச சின்னம் இருந்தது, கொள்ளையடித்த வருஷம் இருந்தது. அதாவது பீரங்கிக்கு ஒரு முகவரி இருந்தது.

1934 இலும் இப்படித்தான். 1815 இல் பிரித்தானியர் கொண்டுபோய் வின்ட்சர் மாளிகையில் வைத்திருந்த கண்டிச் சிம்மாசனத்தை, குளொஸ்டர் கோமகன் கொழும்புக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அது யாருடையது, எங்கே இருந்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இனி முகவரி இல்லாத ஒன்றைப் பாருங்க. லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய பெண் சிலை ஒன்று நிற்கிறது. உயரம் 143 சென்ரிமீற்றர், எட்டாம் நூற்றாண்டு வேலை. 1812 முதல் 1820 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி றொபேட் பிரவுன்றிக் கொண்டுபோய், 1830 இல் நூதனசாலைக்குக் கொடுத்தார். எங்கே எடுத்தது? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில். அவ்வளவுதான் பதிவு. நூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட கரை அது. எந்த ஊர், எந்த மண்ணிலிருந்து, யாரிடம் கேட்டு, ஒன்றுமே இல்லை.

பேரும் ஒழுங்கா இல்லை. நீண்ட காலம் அதைப் 'பத்தினி தெய்வம்' என்றார்கள். பத்தினி என்றால் எங்கட பக்கத்தில் கண்ணகி. சாய்ந்தமருதையும் நிந்தவூரையும் தாண்டுகிற எவருக்கும் நடுவில் காரைதீவுக் கண்ணகி அம்மன் கோயில் தெரியும். பிறகு அறிஞர்கள் அது மகாயான பௌத்தத்தின் தாரா தேவி என்று முடிவு பண்ணினார்கள். ஊர் தெரிந்திருந்தால் அந்த மண் வேற கதையும் சொல்லியிருக்கும். கிழக்குக் கரையில் யார் யார் வாழ்ந்தாங்க, எதை வணங்கினாங்க என்பதற்கு ஒரு பெரிய சாட்சி. அது இப்போ அழகான சிலையாக மட்டும் நிற்கிறது.

திருப்பிக் கேட்பது அரசுகளுக்கு இடையிலான வேலை. வந்தாலும் கொழும்புக்குத்தான் வரும். அதில் தப்பில்லை. ஆனா ஒரு பொருள் 'நாட்டுக்கு' வந்துவிட்டது என்றால் அந்த நாட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டதா? கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென்று 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தபோது, அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. மாகாணத்தில் வாழும் பெரும்பான்மையை வெளியே நிற்க வைத்து மாகாணத்தின் வரலாறு பேசினால் என்ன நடக்கும்? 'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டாலே காணி போகப்போகுது என்று பயம் வரும். கிணறு வெட்டும்போது பழைய கல் ஒன்று வந்தா, சொல்றதா மூடுறதா என்று யோசனை வரும். மூடினால் இன்னொரு முகவரி அழிந்தது. பிரவுன்றிக் செய்ததை நாங்களே எங்கட கையால செய்த மாதிரி.

அதனால பீரங்கியின் சிங்கள எழுத்தையும் தாராவின் பௌத்தத்தையும் பார்த்து 'நமக்கென்ன' என்று ஒதுங்குவது நமக்கே நட்டம். அந்த அரசன் எங்கட முன்னோருக்கு இடம் கொடுத்த அரசு வரிசையில் வந்தவர். அந்தச் சிலை எங்கட கரைக்கு வடக்கே கிடைத்தது. இந்தக் கதைகளை நாங்களும் சொன்னால்தான், கிழக்கின் வரலாற்றை ஒரு கையால் மட்டும் எழுத முடியாமல் போகும்.

எல்லாம் கொள்ளையில் போனதும் இல்லை. கிழக்கிலும் வேலை பார்த்த பிரித்தானிய அதிகாரி ஹியூ நெவில் 2000 க்கு மேற்பட்ட ஏட்டுச்சுவடிகளைச் சேர்த்தார். 1904 இல் பிரித்தானிய நூதனசாலை அவற்றை வாங்கியது, இப்போ பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவை சிங்களமும் பாளியும். ஊரில் கிடந்தவை கறையான் தின்ன, அங்கே போனவை பத்திரமா இருக்கு என்று வாதாடுவார்கள். பாதி உண்மை. ஆனா படிக்க வேண்டிய பிள்ளை இங்கே, படிக்கிற ஏடு அங்கே. அப்படிப்பட்டதில் குறைந்தது டிஜிட்டல் பிரதியையாவது உரிமையோடு கேட்கலாம்.

கேட்பதற்கு முதல் நம்மிடம் என்ன இருக்கு என்று நமக்குத் தெரிய வேணும். வாப்பாட வாப்பா வைத்திருந்த அரபுத் தமிழ்க் கிதாபு, பள்ளிவாசல் பழைய கணக்குக் கொப்பி, மருதமுனைத் தறிச் சாமான், கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தின் பழைய போட்டோ. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது, ஆட்களோடும் வீடுகளோடும் இப்படி எத்தனையோ பெட்டிகள் போயின. என்ன போனது என்று சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லாத வீடுகள்தான் அதிகம்.

பட்டியல் போட பட்டம் தேவையில்லை. போன் இருந்தா போதும். பொருளை நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுங்க. யார் வீடு, எந்தக் குறிச்சி, யாரிடமிருந்து வந்தது, ஏறத்தாழ எந்தக் காலம் என்று எழுதுங்க. உம்மம்மாவிடம் கேட்டுக் குரலையும் பதிவு பண்ணுங்க. புத்தகம், கடதாசி என்றால் நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணலாம், மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். பழைய பொருள் வாங்க வருகிறவர் காசை நீட்டினா, விற்கிறதா இல்லையா என்பது அந்த வீட்டு முடிவு. ஆனா அந்தப் படமும் நாலு வரியும் ஊரில் இருந்தா, நாளைக்கு அது எந்த நாட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றாலும், கீழே எந்த ஊர்ப் பேர் எழுத வேண்டும் என்று நம்மால் சொல்ல முடியும்.