சுயாதீன இசையும் பொது நிறுவனங்களும்: கிளாஸ்கோ மாணவர் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு

மேலைத்தேய வெகுசன இசை வரலாற்றிலே 'சுயாதீன இசை' எனப்படுவது பெரும்பாலும் தனிமனித ஆற்றலின் வெற்றியாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. கலைஞன் எவரது துணையுமின்றித் தன் வழியைத் தானே அமைத்துக்கொண்டான் என்பதே அவ்வரலாற்றின் சாரமாகக் கொள்ளப்படுகின்றது. இக்கருத்தின் பொருத்தப்பாட்டினை, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த பெல் அன்ட் செபஸ்ரியன் குழுவினரின் முதலாவது இசைத்தட்டான 'ரைகர்மில்க்' தோன்றிய வரலாற்றைக் கொண்டு ஆராயலாம்.

சுயாதீனம் என்பது தொடக்கத்தில் வர்த்தகம் சார்ந்த பொருளையே கொண்டிருந்தது. 1977இல் மான்செஸ்ரரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் குழுவினர் கடன்பெற்ற பணத்தைக் கொண்டு தமது இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். 1980இல் சுயாதீன வெளியீடுகளுக்கெனத் தனியான விற்பனைப் பட்டியல் வெளிவரத் தொடங்கிற்று. அக்காலத்திலே கிளாஸ்கோவில் போஸ்ற்காட் என்னும் சிறு வெளியீட்டகம் ஒரேஞ் ஜூஸ் குழுவினரை அறிமுகஞ் செய்தது. ஆயினும் அக்குழுவினரின் முதலாவது நீண்ட இசைத்தட்டு 1982இல் பொலிடோர் எனும் பெருங் கொம்பனி வாயிலாகவே வெளிவந்தது. மூலதனமற்ற சுயாதீனத்தின் எல்லையை இது புலப்படுத்துகின்றது.

1996இல் இவ்வெல்லையைக் கடக்க வேறொரு வழி கிட்டியது. குழுவின் பிரதான பாடலாசிரியரான ஸ்ரூவேட் மேர்டொக், நாட்பட்ட சோர்வு நோயினால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தொழில் புரிய இயலாதிருந்தவர். அத்தனிமையிலேதான் அவர் பாட்டியற்றத் தொடங்கினார். வேலையற்ற இசைக்கலைஞருக்கென அரச உதவியுடன் நடத்தப்பட்ட பயிற்சித் திட்டமொன்றிலே அவரும் ஸ்ரூவேட் டேவிட்டும் சந்தித்தனர். நகரின் ஸ்ரோ கல்லூரியில் இசை வர்த்தகம் பயின்ற மாணவர், 'இலெக்ரிக் ஹனி' எனும் வெளியீட்டகத்தைத் தமது கற்கைநெறியின் பகுதியாக நடத்தி, ஆண்டுதோறும் ஒரு சிறு இசைத்தட்டை வெளியிடுவது வழக்கம். விரிவுரையாளர் அலன் ரங்கினின் துணையுடன் பதிவான மாதிரிப் பாடல்களைக் கேட்டபின், அவ்வாண்டில் வழமையை மீறி நீண்ட இசைத்தட்டொன்றையே வெளியிடத் துணிந்தனர். மூன்று நாட்களில் ஒலிப்பதிவு நிறைவெய்தியது. யூன் மாதத்தில் 1,000 பிரதிகள் மட்டுமே வெளிவந்தன.

அதே ஆண்டு நவம்பரில் ஜீப்ஸ்ரர் என்னும் சிறு நிறுவனம் குழுவின் இரண்டாவது இசைத்தட்டை வெளியிட்டது. முதலாவதன் பிரதிகளோ சேகரிப்போரிடையே பல நூறு பவுணுக்கு விலைபோயின. 1999இல் மறுபதிப்புப் பெற்ற பின்னரே அது சாதாரண இரசிகர் கைகளை எட்டியது. அவ்வாண்டிலேயே புதிய கலைஞருக்கான பிரிற் விருதும் குழுவினருக்குக் கிடைத்தது.

கல்லூரி ஆண்டுதோறும் இசைத்தட்டு வெளியிட்டபோதிலும் ஒவ்வோராண்டும் ஒரு 'ரைகர்மில்க்' தோன்றவில்லை என வாதிடலாம். அது உண்மையே. நிறுவனங்கள் கலைஞனைப் படைப்பதில்லை. ஆனால் நோயிலிருந்து மீண்டுவந்த, கையிற் பணமற்ற ஒருவனுக்குத் தோழரும், ஆசிரியரும், ஒலிப்பதிவுக்கூடமும் கிட்டியமை தற்செயலான நிகழ்ச்சியன்று. பயிற்சித் திட்டமும் கல்லூரியும் இருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. சந்தையிலிருந்து விடுபடுதல் வேறு. சமூகத்திலிருந்து விடுபடுதல் வேறு. ஸ்ரோ கல்லூரி 2013இல் வேறு கல்லூரிகளுடன் இணைக்கப்பட்டுப் பெயர் மாறிவிட்டது. எனினும் சுயாதீன இசையின் வரலாற்றை எழுதுவோர், பாடகனின் தனியறையோடு அக்கல்லூரியின் வகுப்பறையையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.