பின்தங்கி வந்த ஒலி

நீங்கள் பேசும் பேச்சு 0.2 வினாடி கழித்து ஹெட்போன் வழியே உங்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும்? நாக்குக் குழறும், திக்கித் திக்கிப் பேசத் தொடங்குவீர்கள். அமெரிக்கரான பெர்னார்டு லீ இவ்விளைவைப் பற்றி 1950-இல் எழுதினார். பேச்சுக்கே இந்தக் கதி என்றால், தாளத்தோடு கட்டுண்ட இசையின் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

அந்நாளில் ஒலிப்பதிவு காந்த நாடாவில் நடந்தது. நாடா முதலில் பதிவு முனையையும், அடுத்துக் கேட்பு முனையையும் உரசிச் செல்லும். ஒரு கலைஞர் முதலில் பதித்த கிதாரைக் கேட்டுக்கொண்டே, அதே நாடாவின் மற்றொரு தடத்தில் இன்னொரு கிதாரைப் பதிக்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது கேட்பு முனையிலிருந்து. வாசிப்பது பதிவதோ பதிவு முனையில். முனைகளின் இடைவெளி 2 அங்குலம், நாடாவின் வேகம் வினாடிக்கு 15 அங்குலம் எனில், இரண்டாவது கிதார் 0.13 வினாடி பின்தங்கிவிடும். வாசித்தவர் மீது பிழையில்லை. ஆனால் கேட்பவர்கள் அவரைத்தான் குறை சொல்வார்கள்!

ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ராஸ் ஸ்னைடர் இதற்குக் கண்ட வழி மிக எளியது. பழைய தடத்தையும் பதிவு முனையைக் கொண்டே கேட்கச் செய்தார். 'செல்-சிங்க்' எனப்பட்ட இம்முறையுடன் கூடிய எட்டுத்தடப் பதிவுக் கருவி, 1957-இல் கிதார் கலைஞர் லெஸ் பாலிடம் வந்து சேர்ந்தது. பதிவு முனையில் கேட்கும் ஒலி அவ்வளவு தெளிவாக இராது. தாளம் பிடிக்க அது போதும்.

1990களில் நாடாவின் இடத்தைக் கணிப்பொறி பிடிக்கத் தொடங்கியபோது, தாமதம் வேறு உருவில் திரும்பி வந்தது. கணிப்பொறி ஒலியை வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பெற்றுக்கொள்கிறது. அதற்கு வேறு வேலைகளும் உண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் ஓடிவர இயலாது. ஆகவே, தொட்டியில் நீர் சேர்வதுபோல் மாதிரிகள் 'பஃபர்' என்னும் நினைவகப் பகுதியில் சேர்கின்றன. நிறைந்ததும் கணிப்பொறி அள்ளிச் செல்கிறது. 1,024 மாதிரிகள் கொள்ளும் தொட்டி நிறைய 23 மில்லி வினாடி ஆகும். வெளியேறும் வழியிலும் அப்படியொரு தொட்டி; ஆக 46. அந்நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 16 மீட்டர் சென்றுவிடும். மடியிலுள்ள கிதாரின் ஒலி 16 மீட்டருக்கு அப்பாலிருந்து வருவது போலத்தான்!

தொட்டியைச் சிறிதாக்கலாமே என்பீர்கள். ஆக்கலாம், 128 மாதிரிகள் எனில் இரண்டும் சேர்ந்து 6 மில்லி வினாடிதான். ஆனால் கணிப்பொறி ஒரு கணம் வேறு வேலையில் அயர்ந்தாலும் தொட்டி வறண்டு, ஒலி அறுந்து 'டக், டக்' என்னும். இந்த இழுபறியில் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொணர்ந்த 'ஏ.எஸ்.ஐ.ஓ.' முறை பெரிதும் கைகொடுத்தது. விண்டோஸில் ஒலி கடக்கவேண்டியிருந்த இடைப்படிகளைத் தாண்டி, மென்பொருளை ஒலிக் கருவியுடன் நேரே பேச வைத்தது அது.

பதிந்துவிட்ட தடம் பின்தங்கியிருந்தால், மென்பொருள் அதை முன்னே நகர்த்திச் சரிசெய்துவிடும். வாசிக்கும்போதே காதில் விழும் தாமதத்தை அப்படி நகர்த்த முடியாது. பாடகருக்கு மாற்று வழி உண்டு: மைக்கின் ஒலியைக் கணிப்பொறிக்குள் சுற்றவிடாமல், ஒலிக் கருவியே நேராக ஹெட்போனுக்குத் திருப்பிவிடும். கணிப்பொறியே நாதத்தைப் பிறப்பிக்கும் கீபோர்டுக்கு அவ்வழி உதவாது. அங்கே தொட்டியைச் சிறிதாக்கித்தான் ஆகவேண்டும்.